மழைக்கு முன் குடோனைப் பாருங்கள்



மேலை நாடுகளில் குளிர்காலம் வந்தால் கடைக்காரர்களுக்குக் குழாயைப் பற்றிய கவலை. குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் குழாய் வெடித்து, கடை முழுவதும் நனைந்துபோகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் குளிர்காலத் தண்ணீர் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழையும், பிறகு மார்கழி, தையில் இறங்கும் பனி ஈரமும்தான். அங்கே குழாய் வெடித்தால் ஒரு கடைக்குச் சேதம். இங்கே ஒரே ராத்திரியில் ஒரு வீதிக்கே சேதம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும், பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்துக்கு அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. தமிழ்நாடு முழுவதற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கான பருவமழைச் சராசரியே சுமார் 44 செ.மீ.தான். மூன்று மாத மழை ஒரே நாளில் வந்தது என்றால் மிகையில்லை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரை புரண்டது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதால் டிசம்பர் 2ஆம் தேதி ரயில்களும் நின்றன. லோடு வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை.

அப்படிப்பட்ட வெள்ளத்தை எந்த வியாபாரியும் தடுத்துவிட முடியாது. ஆனால் அந்த மழையில் நாசமான சரக்கெல்லாம் ஆற்று வெள்ளத்தால் மட்டும் நாசமாகவில்லை. மாடி ஒழுகி நனைந்தது ஒரு பங்கு. கழிவறைக் குழாய் வழியே எதிர்த்து வந்த தண்ணீரில் போனது ஒரு பங்கு. தரையில் அட்டி போட்டதால் அடி மூட்டை ஊறிப்போனது பெரும் பங்கு. இவை மூன்றும் சாதாரண மழைக்கும் நடப்பவை. புரட்டாசியிலேயே கவனித்திருந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு மூட்டையின் கணக்கு

மொத்த வியாபாரத்தில் லாபம் எவ்வளவு என்பது நமக்குள் ரகசியமில்லை. நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்றால் நல்ல வியாபாரம் என்கிறோம். அப்படியானால் ஒரு மூட்டை சர்க்கரை கரைந்து போனால், ஐம்பது மூட்டை விற்ற லாபம் போய்விட்டது என்று பொருள். பத்து மூட்டை போனால் ஐந்நூறு மூட்டை.

இதோடு வரியும் சேர்கிறது. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி, அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கொள்முதல் செய்தபோது வரவு எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டும். சரக்கும் போய், அதன் வரியும் நம் தலையில் விழுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே சொல்லும் செலவுகளை எடை போடுங்கள்.

முதல் வழி: கூரை

1,000 சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. மயிலத்தில் பெய்த 51 செ.மீ. மழைக்கு 47,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் நான்கைக் கொண்டுவந்து மாடியில் திறந்துவிட்டதற்குச் சமம். அதை இறக்க நம் கட்டடங்களில் எத்தனை குழாய் இருக்கிறது? பல இடங்களில் ஒன்றுதான். அதன் வாயிலும் அரச இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும்.

மணிக்கு 10 செ.மீ. வேகத்தில் பெய்யும் மழைக்கு, 4 அங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 450 சதுர அடி மாடிக்குத்தான் போதும் என்பது பொறியாளர்கள் கணக்கு. ஆகவே 1,000 சதுர அடிக்கு இரண்டு குழாயாவது கட்டாயம் வேண்டும். மூன்று இருந்தால் நல்லது. குழாய் அடைத்துக்கொண்டு அரை அடித் தண்ணீர் மாடியில் நின்றால் அதன் எடை மட்டும் சுமார் 14 டன். பழைய மெட்ராஸ் கட்டு மாடிகள் நம் கடைவீதிகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றின் தேக்கு உத்திரங்கள் இந்தப் பாரத்தை எத்தனை மழைக்குத் தாங்கும்?

புரட்டாசியில் ஆள் விட்டு மாடியைப் பெருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கீழே தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். மாடித் தரை குழாயை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சரிவாக இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் விரிசல் முதலில் வரும். அங்கே சிமெண்ட்டை அரைவட்டமாக இழைத்துப் பூசினால் தண்ணீர் மூலையில் தங்காது. சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு எடுத்துவிட்டுப் பூச வேண்டும். தண்ணீர் டேங்க், விளம்பரப் பலகை, மொபைல் கோபுரம் என்று மாடியில் எதை நிறுத்தினாலும், அதற்காகத் துளைத்த இடம் ஒழுகும் இடமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஷீட் போட்ட குடோன் வைத்திருப்பவர்கள் போல்ட்டுகளைப் பார்க்க வேண்டும். ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டின் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். வாஷரின் விலை சில ரூபாய். அது போனால் அதன் கீழே இருக்கும் அட்டியில் சொட்டுச் சொட்டாக இரவு முழுவதும் விழும். துருப்பிடித்த போல்ட் காற்றுக்கும் தாங்காது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது எத்தனை ஷீட்டுகள் பறந்தன என்பதை நாம் பார்த்தோம்.

இரண்டாவது வழி: வாசல்

நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய கடைகளுக்கு மூன்று படி ஏறிப் போனோம். இன்று அதே கடைக்கு ஒரு படி இறங்கிப் போகிறோம். கடை கீழே இறங்கவில்லை, சாலைதான் மேலே ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டதன் பலன் இது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் வீதியில் சாலை வேலை தொடங்கும்போது அந்த உத்தரவை எடுத்துக்காட்டிக் கேளுங்கள். தார் போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

ரோலிங் ஷட்டர் திருடனைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. ஷட்டருக்கு வெளியே இரண்டு பக்கச் சுவரிலும் இரும்புச் சேனல் பதித்து, அதில் மேலிருந்து இறக்கும்படி இரண்டடி உயரத்துக்குப் பலகைகள் செய்து வைத்துக்கொள்ளலாம். மழை எச்சரிக்கை வந்த அன்று பலகையை இறக்கி, வெளிப்பக்கம் தார்ப்பாய் விரித்து, அதன் அடியில் மணல் மூட்டை வைத்தால் முழங்கால் அளவுத் தண்ணீரை வெகு நேரம் நிறுத்தும். வெறும் மணல் மூட்டை மட்டும் அடுக்கினால் இடுக்கு வழியே கசியும். மூட்டையை முக்கால் அளவுக்கே நிரப்ப வேண்டும். அப்போதுதான் அது ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும்.

புதிதாகக் குடோன் கட்டுகிறவர்கள் அரசு சேமிப்புக் கிடங்குகளைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பெரும்பாலும் லாரியின் தளமட்டத்துக்குத் தரையை உயர்த்தியிருப்பார்கள். ஏற்றி இறக்கவும் வசதி, வெள்ளத்துக்கும் பாதுகாப்பு. இடம் வாங்கும்போதும் அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் ஏரி இருந்த இடத்தில் கட்டியது. பெருமழைக்கு அங்கே தண்ணீர் தேங்கும் காட்சியை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏரிக்கு இடம் மாறத் தெரியாது.

மூன்றாவது வழி: சாக்கடை

இதைப் பலரும் நினைப்பதில்லை. வாசலை நன்றாக அடைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். காலையில் வந்து பார்த்தால் வாசல் பலகை அப்படியே இருக்கும், உள்ளே தண்ணீர் நிற்கும். வெளியே சாக்கடை நிரம்பியதும், தண்ணீர் கழிவறைக் கோப்பை வழியாகவும் தரைக் குழி வழியாகவும் எதிர்த்து ஏறிவிடுகிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள கடைகளில் இது அதிகம். வெளியே போகும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்றை பிளம்பரை வைத்துப் போட்டுவிட்டால், தண்ணீர் வெளியே போகும், உள்ளே வராது. வால்வு இல்லாதவர்கள் மழை எச்சரிக்கை அன்று, பாலிதீன் பையில் மணலைக் கட்டிக் குழியின் வாயில் அழுத்தி வைத்துவிட்டுப் போகலாம்.

வீதிச் சாக்கடை பற்றி நமக்குள்ளும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. நகராட்சி தூர் வாரவில்லை என்று மனு கொடுக்கிறோம். நம் வாசல் சிமெண்ட் படியைத் தோண்டினால்தான் அந்தச் சாக்கடையைத் தூர் வார முடியும் என்ற நிலையும் இருக்கிறது. சிமெண்டில் கட்டிய படிக்குப் பதிலாக, தூக்கி எடுக்கக்கூடிய இரும்புச் சட்டப் படி போட்டால் இரண்டு பேருக்கும் சங்கடமில்லை. விழுப்புரத்தில் கோலியனூரான் வாய்க்காலும், திண்டிவனத்தில் கிடங்கல் ஏரியின் உபரிநீர் போகும் வழியும் சுருங்கச் சுருங்க, அந்தத் தண்ணீர் கடைவீதியைத் தேடி வருகிறது. கிடங்கு என்ற சொல்லுக்குத் தமிழில் அகழி என்றும் பண்டகசாலை என்றும் இரண்டு பொருள் உண்டு. நம் கிடங்குகள் அகழியாகாமல் இருக்க வேண்டுமானால் ஏரித் தண்ணீருக்கு அதன் வழியை விட்டுவைக்க வேண்டும்.

நான்காவது வழி: தரையும் சுவரும்

2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு குடோன்களைப் பார்த்தேன். இரண்டிலும் நின்ற தண்ணீர் நான்கு அங்குலம்தான். ஒன்றில் மரச்சட்டத்தின் மேல் அட்டி போட்டிருந்தார்கள். தண்ணீர் கீழேயே வந்து கீழேயே வடிந்துவிட்டது, ஒரு மூட்டைக்கும் சேதமில்லை. மற்றதில் தரையில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் அட்டி. அடி வரிசை முழுவதும் ஊறி, இரண்டாம் வரிசை வரை ஈரம் ஏறிவிட்டது. அடி மூட்டை நெகிழ்ந்ததால் அட்டி சாய்ந்து, மேலே இருந்த நல்ல மூட்டைகளும் தண்ணீரில் விழுந்தன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, சாக்கில் தண்ணீர் ஏறும். நான்கு அங்குலத் தண்ணீர் நான்கு அங்குலத்தோடு நிற்காது.

ஆகவே எந்தச் சரக்கானாலும் தரையிலிருந்து அரை அடியாவது உயரத்தில் சட்டமோ பேலட்டோ போட்டு வையுங்கள். தாழ்ந்த வீதிகளில் ஓரடிக்குக் குறையக் கூடாது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அட்டி போடுங்கள். சுவர் ஈரம் மூட்டையைத் தொடாது, ஆள் போய்ப் பார்க்கவும் வழி இருக்கும். சிமெண்ட் வியாபாரிகள் பத்து மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்காமல், முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும்.

மழைக்காலத்தில் எதைக் கீழே வைப்பது என்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். சீல் வைத்த எண்ணெய் டின், பிளாஸ்டிக் சாமான், பாத்திரம் இவை கீழே இருக்கட்டும். சர்க்கரை, வெல்லம், உப்பு, மாவு, தீப்பெட்டி, காகிதம், துணி இவை மேலே போகட்டும். பொங்கலுக்காகக் கார்த்திகையிலேயே வெல்லமும் பச்சரிசியும் வாங்கி நிரப்புகிறோம். மழை மிகுந்த நேரத்தில்தான் குடோனும் நிரம்பியிருக்கிறது. பாதிச் சரக்கை மார்கழிக்குத் தள்ளி எடுக்க முடிந்தால் தள்ளிவிடுங்கள்.

நம் பகுதியின் முக்கியச் சரக்கான மணிலாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நனைந்த மணிலாவில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரலைக் கெடுப்பது, புற்றுநோய்க்கும் காரணமாவது. வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுவதும் போகாது. வெளியே காய்ந்ததுபோல இருக்கும் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே கெட ஆரம்பித்துவிட்டது. அதை நல்ல மூட்டையோடு கலந்து தள்ளிவிடலாம் என்று நினைப்பது தர்மமும் அல்ல, 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

மழை விட்ட பிறகும் வரும் ஈரம்

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் ஷீட் குடோன்களில் ஒரு வினோதம் நடக்கும். வானம் தெளிவாக இருக்கும், விடியற்காலையில் மூட்டை மேல் சொட்டு விழுந்திருக்கும். ஒழுக்கு என்று நினைத்து ஆள் வைத்துத் தேடுவார்கள், ஓட்டை கிடைக்காது. குடோனுக்குள் இருக்கும் ஈரக்காற்று, பனியில் குளிர்ந்த ஷீட்டின் அடிப்பக்கத்தில் பட்டு நீராகி விழுகிறது. தரையும் மூட்டையும் ஈரமாக இருந்தால் இது அதிகமாகும். வெயில் ஏறிய பிறகு காலை பத்து மணிக்கு ஜன்னலையும் வெண்டிலேட்டரையும் திறந்து, மாலை நான்கு மணிக்குள் மூடிவிடுங்கள். அட்டியின் உச்சிக்கும் ஷீட்டுக்கும் இடையே மூன்றடியாவது இடைவெளி விடுங்கள். மூட்டைகளைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தினால் உள்ளேயே வியர்க்கும். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் போக விடுங்கள்.

மின்சாரம்

மீட்டர் பலகையும் மெயின் ஸ்விட்சும் ஐந்தடிக்குக் கீழே இருந்தால் மேலே ஏற்றுங்கள். தரையோரப் பிளக் பாயிண்ட்டுகளை எடுத்துவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி எல்லாக் கடைக்கும் வேண்டும். தண்ணீர் நிற்கும் கடைக்குள், வெளியே மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் கால் வைக்கக் கூடாது. கடைப் பையனை முதலில் உள்ளே அனுப்பிப் பார்க்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். மூட்டையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

இன்சூரன்ஸ் காகிதத்தைப் படியுங்கள்

பேங்கில் சரக்குக் கடன் வாங்கியிருப்பவர்கள், பேங்கே இன்சூரன்ஸ் போட்டுவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். அந்தப் பாலிசியை வாங்கி நான்கு விஷயம் பாருங்கள். கடை, குடோன் இரண்டின் விலாசமும் அதில் இருக்கிறதா? வெள்ளம், புயல் சேர்ந்திருக்கிறதா? தொகை, சீசனில் நாம் வைத்திருக்கும் அதிகபட்சச் சரக்குக்குச் சரியாக இருக்கிறதா? தேதி முடியவில்லையே?

தொகை குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 20 லட்சம் சரக்கு இருக்கும் குடோனுக்கு 10 லட்சத்துக்குத்தான் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் சேதமானால், 10 லட்சத்துக்குள்தானே என்று முழுதும் கிடைக்காது. பாதிச் சரக்குக்குத்தான் காப்பீடு என்ற கணக்கில் 2 லட்சமே கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்காக, 5 கோடி ரூபாய் வரை உள்ள சொத்துக்குப் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி வந்திருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தாலும் பிடித்தம் செய்யமாட்டார்கள். உங்கள் முகவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டாக் புத்தகத்தின் நகலும் கொள்முதல் பில்களும் கடையிலேயே இருந்தால் அவையும் நனைந்துபோகும். வாரத்துக்கு ஒருமுறை செல்போனில் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

சேதம் நடந்துவிட்டால், எதையும் அப்புறப்படுத்துவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் தெரிய நாலாபுறமும் படம் எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சர்வேயர் வரும்வரை கெட்ட சரக்கை வெளியே கொட்டாமல், நல்லதையும் நனைந்ததையும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். பிரிக்காமல் விட்டு நல்லதும் கெட்டால், அது நம் அலட்சியம் என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

சங்கம் செய்யக்கூடியது

தனித்தனியாக நாம் செய்ய வேண்டியது இவ்வளவு. வீதியாகச் சேர்ந்து செய்ய வேண்டியதும் உண்டு. ஆவணியிலேயே வீதிவாரியாகச் சாக்கடை அடைப்புகளைப் பட்டியல் எடுத்து நகராட்சிக்குக் கொடுக்க வேண்டும். சங்கப் பொறுப்பில் விழுப்புரத்துக்கு ஒன்று, திண்டிவனத்துக்கு ஒன்று என டீசல் பம்ப் வாங்கி வைக்க வேண்டும். எச்சரிக்கை நாளில் மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள், பள்ளப் பகுதிக் கடைக்காரர்களின் சரக்குக்கு இரண்டு நாள் இடம் கொடுக்க முன்வந்தால், யார் குடோனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று செயலாளரிடம் ஒரு பட்டியல் இருக்கட்டும். போட்டி வியாபாரத்தில் இருக்கலாம், மழை நாளில் வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவரும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இந்த ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஏணி போட்டு அவரவர் மாடியில் ஏறிப் பாருங்கள்.